கைகாட்டி தானே இறங்கிவிட்டால்

நமது வீடுகளில் ஸ்திரீகளுக்கு வயிறு உப்பினால் அதற்கு ஒரே பெயர்தான்: வாயு. இரண்டு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டதென்றால் ஓமக் கஷாயம் வைப்பார்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனால் வயதாகிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வாயுவாகவோ வயதாகவோதான் இருக்கும். இதைப் படிக்கும் சகோதரிகள் வீண் பீதி கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் சினைப்பைப் புற்றுநோய் என்னும் கொடிய வியாதியும் இதே வேஷத்தில்தான் வந்து சேருகிறது. அதைக் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலோருக்கு அது வயிறு முழுவதும் பரவிவிட்டிருக்கிறது.

இந்நோயின் மிகக் கொடிய வகை பல சமயங்களில் சினைப்பையிலே பிறப்பதுகூட இல்லை. கருக்குழாயின் நுனியில் பிறந்து சினைப்பைக்குத் தாவுகிறது. பிறகு சில அணுக்கள் கட்டியிலிருந்து கழன்று, வயிற்றினுள் இருக்கும் நீரில் மிதந்து சென்று, குடலின்மேல் போர்வைபோலத் தொங்கும் கொழுப்புப் படலத்தில் குடியேறுகின்றன. கட்டுக்கோப்பாக அண்டை அணுக்களுடன் ஒட்டியிருந்த ஓர் அணுவுக்கு, கழன்று போகும்படி உத்தரவிட்டது யார்? இக்கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அண்மைக் காலத்தில்தான் வெளிவரத் தொடங்கியிருக்கிறது.

நம் உடலின் அணுக்களில் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு இருக்கிறது. அதிலிருந்து வேண்டிய பகுதியை ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எடுத்து, ரைபோசோம் என்னும் பட்டறைக்கு அனுப்பிப் புரதம் செய்துகொள்வது அணுவின் வழக்கம். இந்தப் பட்டறையின் அமைப்பை ஆராய்ந்து விளக்கியதற்காகவே, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பது தமிழர் பெருமை கொள்ளத்தக்க விஷயம். ஆனால் மூல ஏட்டில் புரதம் செய்வதற்கான வாசகம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் குப்பை என்று ஒரு காலத்தில் பெரிய பண்டிதர்களே எழுதினார்கள். தமக்கு அர்த்தம் புரியாததைக் குப்பை என்பது பண்டிதர்களுக்குப் புதிதல்லவே! அந்தக் 'குப்பை'யிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. நகல்கள் எடுக்கப்படுகின்றன. அவை எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. ஆதலால் குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்று அவற்றுக்குப் பெயர்.

புரதம் செய்யாவிட்டால் அவற்றுக்கு வேலை என்ன? எங்கள் அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னாளில் ரயில் பாதைகளின் ஓரத்தில் கைகாட்டி மரங்கள் நின்றன. கைகாட்டி ஒரு மூட்டையையும் சுமப்பதில்லை. ஒரு பிரயாணியையும் ஏற்றுவதில்லை. ஆனால் அதன் கை நீட்டியிருந்தால் வண்டி நிற்கும், இறங்கினால் ஓடும். குறியீடற்ற ஆர்.என்.ஏ. செய்வதும் அத்தகைய வேலைதான்.

1993-ல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸ் என்பவரின் குழுவினர், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவில் 22 எழுத்துக்கள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கைக் கண்டார்கள். அது புரதம் செய்யப் புறப்பட்ட வேறொரு நகலின்மேல் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடுகிறது என்பது ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகிய இருவரின் ஆராய்ச்சியையும் சேர்த்துப் பார்த்தபோது விளங்கிற்று. ஏதோ புழுவின் விசித்திரம் என்று உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 2000-ஆம் ஆண்டில் 'லெட்-7' என்னும் இன்னொரு துணுக்கு புழுவிலும் மனிதனிலும் ஒன்றுபோலவே இருக்கக் கண்டபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2024-ல் இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த லெட்-7 நம் விஷயத்துக்கு முக்கியமானது. அணுக்களைப் பெருகத் தூண்டும் 'ராஸ்' முதலிய புரதங்களுக்கு எதிரே நீட்டிய கை அது. சினைப்பைப் புற்றுநோயில் அது பல சமயங்களில் குறைந்துபோகிறது. கைகாட்டி தானே இறங்கிவிட, வண்டிகள் தடையின்றி ஓடுகின்றன. 'மைக்ரோ-200' என்னும் குடும்பமோ அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கச் செய்வது. அது குறையும் இடத்தில் அணுக்கள் பிடிப்பை விட்டு நாடோடிகளாகின்றன. வேடிக்கை என்னவென்றால், கட்டியின் ஆரம்ப இடத்தில் இதே குடும்பம் மிகுந்திருப்பதும் உண்டு. 2007-ல் வெளியான 'ஹாட்டேர்' என்னும் நீண்ட ஆர்.என்.ஏ. வேறு ரகம். அது மிகுந்திருக்கும் நோயாளிகளில் நோய் அதிகம் பரவியிருப்பதையும் ஆயுள் குறைவதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இத்துணுக்குகள் இரத்தத்திலும் உலவுகின்றன. ஆகவே ஒரு துளி இரத்தத்தில் நோயை முன்கூட்டியே கண்டுவிடலாம் என்ற ஆசை பிறந்தது. ஆசை நியாயமானதே. ஆனால் ஆராய்ச்சிசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூரம் அதிகம். பழக்கத்தில் உள்ள சி.ஏ.125 என்னும் இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் கொண்டு, பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். அதனால் மரணம் குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. மருந்தாக்கும் முயற்சியிலும் அடி விழுந்தது. மைக்ரோ-34 என்னும் துணுக்கைப் பலவகைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, கடுமையான பக்க விளைவுகளால் 2016-ல் நிறுத்தப்பட்டது. எனவே, நோயே இல்லாத ஸ்திரீக்கு 'முன்கூட்டியே எல்லாம் சொல்லும் பரிசோதனை' என்று யாராவது விளம்பரம் செய்தால், பணப்பையை மூடிக்கொள்வது நலம்.

இன்னொரு குறையும் உண்டு. உலகில் மரபணு ஆராய்ச்சிக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தினர். நம் ஸ்திரீகளின் உடலில் இந்தக் கைகாட்டிகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை நாமேதான் ஆராய வேண்டும். அதற்கு ஆள் இல்லாத தேசமல்ல இது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள்தாம். டாக்டர் சாந்தா அம்மையார் 2021-ல் காலமாகும்வரை அதற்காகவே உழைத்தார்.

எங்கள் பக்கத்தார் அடையாற்றுக்குப் போகலாம். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர்ச் சாலை வழியே சென்றால் காஞ்சீபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. முன்பு இல்லாத உப்புசமோ வயிற்று வலியோ இரண்டு மூன்று வாரங்களாக அநேகமாகத் தினமும் இருந்தால், கஷாயத்தை நிறுத்திவிட்டு முதலில் பக்கத்து டாக்டரிடம் காட்டுங்கள். அப்போது குடும்பத்தில் மார்பு, சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் உண்டா என்றும் அவர் கேட்பார். தாய் வழியை மாத்திரம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அத்தையையும் தகப்பனாரைப் பெற்ற பாட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழுதுபட்ட பி.ஆர்.சி.ஏ. மரபணு தகப்பனார் வழியாகவும் மகளுக்கு வந்து சேரும்; அதைக் கண்டறியும் பரிசோதனை இன்று நம்மிடம் உண்டு.