வயல்நீரில் தவளைக் குடம்பிகளைப் பேணும் முறை

பெரும்போகத்தின் முதன்மழை பெய்த இரவில் நிந்தவூர் வட்டைகளில் எழும் தவளையொலியைக் கேளாத கமக்காரர் இலர். மறுநாட் காலையில் வரம்போரத் தேக்கங்களிற் கறுப்புப் புள்ளிகள் நிறைந்த கூழ்போன்ற திரள்கள் கிடப்பதையும் பலர் கண்டிருப்பர். அவை தவளையின் முட்டைகளாகும். சேற்று விதைப்புக்காக வயலை வடிக்கும்போது அவற்றுட் பல சேற்றோடு காய்ந்து மடிகின்றன. அவற்றோடு, கூலி கேளாது இரவு முழுவதும் பூச்சி பிடிக்கும் ஒரு படையையும் கமக்காரர் இழக்கின்றனர். சிறிது கவனம் செலுத்தினால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

தவளையால் விளையும் பயன்

வயற்றவளைகள் தத்திகளையும், அந்துகளையும், இலையுண்ணும் புழுக்களையும் உண்கின்றன. மரக்கறித் தோட்டத்திலே தேரையானது வண்டுகளையும், இரவில் நாற்றை வெட்டும் புழுக்களையும் உண்ணும். நன்மை செய்யும் சிலந்திகளையும் இவை சில வேளை உண்பதுண்டு; ஆதலால் தவளை இருந்தாற் பீடையே வராது என்று எண்ணுதல் தவறாகும். எனினும் தவளை, சிலந்தி, தும்பி ஆகிய இயற்கை எதிரிகள் ஒருங்கே வாழும் வயலிற் கபிலநிறத் தத்தி போன்ற பீடைகள் மிகுதியாகப் பெருகுவது கடினம்.

அயல்நாடான இந்தியாவிலிருந்து ஒரு காலத்தில் தவளைக் கால்கள் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்யப்பட்டன. தவளைகள் குறைவதனால் வயல்களுக்கு நேரும் தீங்கு உணரப்பட்டு, 1987 ஆம் ஆண்டில் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டது.

முட்டைகளை இனங்காணல்

வயற்றவளைகளின் முட்டைகள் கூழ்த்திரளாகவோ நீர்மேற் படலமாகவோ காணப்படும். தேரையின் முட்டைகள் நீண்ட இரட்டைச் சரங்களாக நீர்த்தாவரங்களிற் சுற்றிக் கிடக்கும். மரத்தவளை நீருக்கு மேலுள்ள இலைகளில் நுரைக்கூடு கட்டி, அதனுள்ளே முட்டையிடும். பொரித்த குடம்பிகள் தாமே கீழேயுள்ள நீரில் விழும். ஆதலால் நீர்மேற் சாய்ந்த கிளையில் நுரைக்கூட்டைக் காணின், அக்கிளையை வெட்டாது விடுக.

உயிருள்ள முட்டையின் மேற்பாகம் கருமையாயிருக்கும். முற்றாக வெளுத்துப் பூஞ்சணம் பிடித்தவை கெட்டவையாகும். நம் பகுதியின் வெப்பமான நீரிற் பெரும்பாலான முட்டைகள் 1 முதல் 3 நாளிற் பொரித்துவிடும். ஆகவே, வயலை வடிப்பதைச் சில நாட்கள் தாமதித்தல் இயலுமாயின், அதுவே பெரிய உதவியாகும்.

தஞ்சக்குழி அமைத்தல்

வடிப்பதைத் தாமதிக்க இயலாதோர், நீர் புகும் வாய்க்கு அண்மையில் வயலின் ஒரு மூலையில் 6 அடி நீளமும், 4 அடி அகலமும், ஒன்றரை அடி ஆழமும் கொண்ட குழியொன்றை வெட்டுக. அதன் ஒரு பக்கம் சரிவாக இருத்தல் வேண்டும். சிறு பிள்ளைகள் தவறி விழாவண்ணம் சுற்றிலும் கம்பு நாட்டி மறைப்புக் கட்டுதல் அவசியம். வயல் வடியும்போது குடம்பிகள் நீரோடு குழியை அடையும்படி சிறு சாலொன்றையும் இழுத்துவிடுக.

காயும் குட்டையில் முட்டைத்திரள் அகப்பட்டிருப்பின், அதனைக் கையால் அள்ளாது, அகன்ற பாத்திரத்தினால் நீரோடு சேர்த்து முகந்து, அதே வயலின் குழியில் மெதுவாக விடுக. வீட்டுக்கோ வேறிடத்துக்கோ கொண்டுசெல்லுதல் ஆகாது. வயல்நீரில் எலிக்காய்ச்சற் கிருமிகள் இருத்தல் கூடுமாதலால், கைகாலிற் காயமுள்ளோர் இவ்வேலையைத் தவிர்க்க. கடலோரத்திலும் களியோடை முகத்தையண்டியும் உள்ள வயல்களில் உவர்நீர் குழியுட் புகாதபடி காத்தல் வேண்டும். உவர்நீரிற் பெரும்பாலான தவளை முட்டைகள் பிழையா.

பொரித்த குடம்பிகளைப் பேணல்

பொரித்தவுடன் குடம்பி நீந்தி இரை தேடுவதில்லை. கூழிலோ புல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன் உடலிலுள்ள கருவூணைக் கொண்டே ஓரிரு நாட்கள் உயிர்வாழும். அப்பொழுது நீரைக் கலக்குதல் தீது. பின்னர் அது வாற்பேயாக நீந்தித் திரிந்து, பாசியையும் மக்கிய இலைகுழைகளையும் உண்ணும். குழியில் ஒரு பிடி பழைய வைக்கோலை இட்டாற் போதும். மிகுதியாக இட்டால் அது அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடும். வாற்பேய்கள் கூட்டமாக மேலே வந்து வாய் திறப்பதைக் காணின், உடனே புதுநீர் பாய்ச்சுக.

பெருந்தவளையின் வாற்பேய்கள் பிற வாற்பேய்களை உண்ணும் இயல்புடையன. ஆதலால் குழியிற் புல்லும் செடியும் இருத்தல் நன்று; சிறியவை அவற்றுள் ஒளிந்து பிழைக்கும்.

முதலிற் பின்கால்களும், பின்னர் முன்கால்களும் தோன்றும். முன்கால் வந்தபின் வால் சுருங்கும்; அந்நாட்களிற் குடம்பி இரையுண்ணாது, காற்றைச் சுவாசிக்கத் தொடங்கும். கரையேற வழியில்லையேல் நீரில் மூழ்கி இறக்கும். குழியின் சரிவு இதற்கென்றே வேண்டப்படுகின்றது. இனத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப, முட்டை முதல் தவளை வரை ஏறத்தாழ 4 முதல் 6 கிழமை செல்லும். எனவே, விதைப்புக் காலத்திற் காத்த முட்டை, நெற்பயிர் மட்டம் வெடிக்கும் பருவத்தில் இளந்தவளையாகி வயலுக்கு உதவும்.

மெக்சிக்கோ தரும் பாடம்

மெக்சிக்கோ நகரையடுத்த சொச்சிமில்கோவிற் கமக்காரர் கால்வாய்களுக்கு இடையே மேடமைத்து மரக்கறி பயிரிடுகின்றனர். அக்கால்வாய்களில் அக்சோலோத்தல் என்னும் பிராணி வாழ்கின்றது. அது தவளையின் தூரத்து உறவு. வாழ்நாள் முழுவதும் குடம்பிக்குரிய பூக்களுடன் நீரிலேயே வாழும். அதன் முட்டை பொரிக்க 2 முதல் 3 கிழமை செல்லும். கால்வாய்களில் விடப்பட்ட கெண்டை, திலாப்பியா ஆகிய மீன்கள் முட்டைகளையும் குடம்பிகளையும் உண்டன; நீரும் மாசடைந்தது. 1998 இல் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 6,000 என மதிப்பிடப்பட்ட அப்பிராணி, 2014 இல் 36 ஆகக் குறைந்தது. இன்று அங்குள்ள பல்கலைக்கழகத்தாரும் கமக்காரரும் இணைந்து, மீன் புகாதபடி கால்வாய்களுக்குத் தடுப்பிட்டு, இரசாயனமின்றிப் பயிர் செய்து அதனைக் காக்கின்றனர்.

திலாப்பியா 1952 இல் நம் நாட்டுக்கும் கொண்டுவரப்பட்டது. குளத்தில் அது நல்ல உணவு மீனாகும். ஆனால் தஞ்சக்குழியில் அதற்கு இடமில்லை. குழியின் நீர்வாயில் நெருக்கமான வலையிடுக.

மருந்தடிக்குமுன்

மீனுக்கும் தவளைக்கும் கொடிய நஞ்சான என்டோசல்பான் இலங்கையில் 1998 இல் தடைசெய்யப்பட்டது. எனினும் விற்பனையிலுள்ள பூச்சிநாசினிகளும் களைநாசினிகளும் குடம்பிகளுக்குத் தீங்கற்றவை என்று கொள்ளலாகாது. பீடையை இனங்கண்டு, அவசியமாயின் மாத்திரம், விதந்துரைத்த அளவில் விசிறுக. குழியின் அருகே விசிறுதலும், விசிறியை வாய்க்காலிற் கழுவுதலும் கூடா.

நினைவிற் கொள்க:

1. முட்டை கண்டால் இயன்றளவு வடிப்பைத் தாமதியுங்கள்.
2. மூலையிற் சரிவான தஞ்சக்குழி வெட்டுங்கள்.
3. மீனையும், நஞ்சையும், உவர்நீரையும் குழியிலிருந்து விலக்குங்கள்.
4. கரையேற வழி விடுங்கள்.

ஒருவர் மாத்திரம் செய்வதினும் ஒரு வட்டையினர் யாவரும் கூடிச் செய்தல் மிகுந்த பயன் தரும். மேலும் விபரம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.