ஆமென்! மூன்றே எழுத்தில் இத்தனை அதிசயமா?

சோளிங்கரில் ஞாயிறு ஆராதனை. ஆயர் ஜெபித்து முடித்ததும் சபையே ஒரே குரலில் சொல்கிறது: ஆமென்! அது எந்த மொழிச் சொல் தெரியுமா? ஆங்கிலம் இல்லை, கிரேக்கம்கூட இல்லை. எபிரெயு! அங்கேயும் மூன்றே எழுத்து!

நம் 'ஆமாம்'தான் 'ஆமென்' ஆனதா? இல்லவே இல்லை! நம் 'ஆம்' பிறந்தது 'ஆகு' என்ற வினையிலிருந்து. எபிரெயுச் சொல்லின் வேருக்கோ உறுதி, நம்பகம் என்று பொருள். ஓசை ஒத்துப்போனது வெறும் தற்செயல்!

சரி, 'ஜெபம் முடிந்தது' என்று அர்த்தமா? அதுவும் இல்லை! 'மெய்தான், அப்படியே ஆகட்டும்' என்று கேட்டவர்கள் எல்லாரும் போடும் கையெழுத்து அது!

வேதாகமத்தின் முதல் ஆமென் ஜெபத்தில் வரவில்லை, தெரியுமா? எண்ணாகமம் 5:22-ஐப் பாருங்கள். கணவனின் சந்தேகத்துக்கு ஆளான பெண், ஆசாரியன் கூறும் சாபத்துக்கு 'ஆமென், ஆமென்' என்கிறாள்! உபாகமம் 27-ல் 12 சாபங்கள், 12 ஆமென்!

இயேசு செய்ததுதான் பெரிய ஆச்சரியம். பிறர் முடிவில் சொன்னதை அவர் பேச்சின் தொடக்கத்தில் வைத்தார்! யோவான் சுவிசேஷத்தில் மட்டும் 25 இடங்களில், எல்லாமே இரட்டை ஆமென்! தமிழில் தேடினால் அகப்படாது. 'மெய்யாகவே மெய்யாகவே' என்று வேடம் மாறி நிற்கிறது! வெளிப்படுத்தல் 3:14-ல் இன்னும் ஒரு படி மேல்: அவருடைய பெயரே ஆமென்!

99 என்று எழுதினாலும் ஆமென்தான், தெரியுமா? கிரேக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. ஆமெனின் எழுத்துகளைக் கூட்டினால் 1 + 40 + 8 + 50 = 99! எகிப்தின் பழைய பாப்பிரஸ் ஏடுகளில் கிறிஸ்தவர்கள் ஆமெனுக்குப் பதிலாக இந்த எண்ணையே எழுதியிருக்கிறார்கள்!

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பள்ளிவாசல்களில் சொல்லும் 'ஆமீன்'? அதே சொல்தான்! தொழுகையில் ஹனஃபி வழியினர் மெதுவாகச் சொல்வார்கள், ஷாஃபி வழியினர் உரக்கச் சொல்வார்கள். தோல் பதனிடும் இந்த ஊர்களில் இரு மதத்தாரின் வேண்டுதலும் ஒரே சொல்லில் முடிகிறது என்பது எவ்வளவு அழகு!

பழைய தமிழ்க் கத்தோலிக்க ஜெபங்களில் 'ஆமென் சேசு' (சேசு என்றால் இயேசு) என்று முடிப்பார்கள், கேட்டிருக்கிறீர்களா?

பழங்கால அலெக்சாந்திரியாவின் யூத ஜெபக்கூடம் எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா? முன்னால் ஜெபிப்பவரின் குரல் பின்வரிசைக்கு எட்டாதாம்! அதனால் ஒருவர் மேடையில் நின்று துணியை வீசிக் காட்டுவார். கூட்டம் முழுவதும் 'ஆமென்' என்று முழங்கும்! இதைச் சொல்வது யூதர்களின் தால்மூத் நூல். ஜெபத்தைக் காதில் வாங்காமல் சொல்லும் ஆமெனுக்கு அதே நூல் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? அநாதை ஆமென்!