புள்ளி வைத்தால் நோய் பிடிபடும்!

குட்டீஸ், கோலம் போடுபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் புள்ளி வைப்பார்கள். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கோலம் கோணலாகிவிடும். நோய் எங்கிருந்து பரவுகிறது என்று தேடும் ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் புள்ளி வைக்கிறார்கள். வாசலில் அல்ல, கம்ப்யூட்டர் வரைபடத்தில்!

ஓர் ஊரில் இருபது பேருக்கு டெங்கு காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய பெயர், வயது, முகவரி எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் கொசு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதே இருபது பேரையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு புள்ளிகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தால், 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று சட்டென்று சந்தேகம் வரும், இல்லையா?

லண்டனில் ஓர் அடிகுழாய்

இந்த யோசனை கம்ப்யூட்டருக்கு முன்பே பிறந்துவிட்டது. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. பத்தே நாட்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்று பலரும் நம்பினார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த அடிகுழாய்க்கு அருகில் வசித்தவர்கள். ஆனால் சிலருடைய வீடுகள் வேறு குழாய்களுக்குப் பக்கத்தில் இருந்தன. அவர்கள் எப்படி இறந்தார்கள்? ஸ்நோ விசாரித்தார். அந்தக் குடும்பங்களில் சில, பிராட் தெருத் தண்ணீர்தான் வேண்டும் என்று அங்கே ஆள் அனுப்பி எடுத்து வந்தவை. இறந்தவர்களில் மூன்று பேர் குழந்தைகள். அவர்களுடைய பள்ளிக்கூடம் அந்த அடிகுழாய்க்கு அருகில் இருந்தது!

ஸ்நோ சொன்னதைக் கேட்டு, செப்டம்பர் 8-ஆம் தேதி குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். பிறகு அவர் ஒரு வரைபடம் வெளியிட்டார். அதில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு சிறிய கறுப்புக் கோடு. பிராட் தெருக் குழாயைச் சுற்றிக் கோடுகள் குவிந்து கிடந்தன. இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்தப் படத்தைப் படிக்கிறார்கள்.

கண்ணாடித் தாள் அடுக்கு

இப்போது இந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஜி.ஐ.எஸ். என்று பெயர். 'புவியியல் தகவல் முறை' என்று தமிழில் சொல்லலாம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கியிருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். திருப்பூர் என்றால், ஒரு தாளில் நொய்யல் ஆறு. அடுத்ததில் தெருக்கள். இன்னொன்றில் பள்ளிகளும் பனியன் கம்பெனிகளும். மேல் தாளில் காய்ச்சல் வந்தவர்களின் புள்ளிகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்துவிடும். 'க்யூ ஜி.ஐ.எஸ்.' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மாணவர்களும் கற்றுக்கொள்ளலாம்.

இடத்தைச் சொல்வது ஜி.பி.எஸ். சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைப் பெற்று, நாம் நிற்கும் இடத்தை செல்போன் கணக்கிடுகிறது. திருப்பூர் நகரம் ஏறக்குறைய 11.10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதை அவசரத்தில் 11.01 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? புள்ளி 10 கி.மீ. தெற்கே, பல்லடம் பக்கம் போய் விழும். கொசு மருந்து அடிப்பவர்களும் அங்கே போய்த் தேடுவார்கள்!

நம் மாநிலத்திலும் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. புதுச்சேரியில் கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் மத்திய அரசு மையம் ஒன்று உண்டு. அதன் விஞ்ஞானிகள் தமிழ்நாட்டின் நில உயரம், வெப்பம், மழை, காற்றின் ஈரப்பதம், மண் வகை ஆகியவற்றை அடுக்குகளாக வைத்து, யானைக்கால் நோய் பரவ வாய்ப்புள்ள பகுதிகளை வரைபடத்தில் பிரித்துக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2006-இல் வெளியானது.

வீடா? கம்பெனியா?

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. திருப்பூரில் ஒரு அக்காவுக்கு டெங்கு வந்துவிட்டது. அவருக்கான புள்ளியை எங்கே வைப்பீர்கள்?

'அவர் வீட்டில்தான்' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். அது பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் பறக்காது. பெரும்பாலும் 400 மீட்டருக்குள்தான். அந்த அக்கா காலையில் கிளம்பிப் பனியன் கம்பெனிக்குப் போகிறார். பகல் முழுவதும் தையல் மெஷின் முன்னால் இருக்கிறார். கொசு கடித்தது அங்கேயாகவும் இருக்கலாம். அப்படியானால் வீட்டைச் சுற்றி மட்டும் டிரம்களைக் கவிழ்த்துப் பயனில்லை. கம்பெனியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பவர்களை அதே கொசு கடித்துக்கொண்டிருக்கும்.

லண்டன் குழந்தைகள் கதையும் இதுதானே? வீடு ஓரிடம், நோய் வந்தது பள்ளிக்கூடத்துப் பக்கம். அதனால்தான் நல்ல ஆராய்ச்சியாளர் இரண்டு கேள்வி கேட்பார். 'வீடு எங்கே? பகலில் எங்கே இருந்தீர்கள்?' பதிலுக்கு ஏற்ப இரண்டு புள்ளிகள் வைப்பார். இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர் தானாகக் கேட்காது. யாராவது நடந்து போய், கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.

நீங்களும் செய்யலாம்!

வெள்ளைத் தாளில் உங்கள் தெருவை வரையுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மூடாத டிரம், சிமென்ட் தொட்டி, பழைய டயர், கொட்டாங்குச்சி என்று எங்கெல்லாம் தண்ணீர் தேங்கியிருக்கிறதோ, அங்கெல்லாம் சிவப்புப் புள்ளி வையுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் இதேபோல ஒரு படம் போடுங்கள். பகலில் நீங்கள் இருப்பது அங்கேதானே?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். யாருக்குக் காய்ச்சல் என்று படத்தில் பெயர் எழுதக் கூடாது. நோய் வந்தவரை ஊரே விலகிப் பார்த்தால் அவர் மனம் எவ்வளவு வாடும்! நிஜ ஆராய்ச்சியாளர்களும் வரைபடத்தை வெளியிடும்போது பெயரையும் வீட்டு எண்ணையும் மறைத்துவிடுவார்கள்.

படத்தை வீட்டிலும் வகுப்பு ஆசிரியரிடமும் காட்டுங்கள். டிரம்களை மூடச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை அதே படத்தோடு மறுபடி நடந்து பாருங்கள். தண்ணீர் இல்லாத இடங்களில் சிவப்புப் புள்ளியைப் பச்சையாக்குங்கள். ஒரு மாதத்தில் உங்கள் தெருவில் எத்தனை பச்சை என்று எண்ணிப் பாருங்களேன்!