செத்தவன் செருப்பு கேட்டான்!

செத்துப்போன புருஷன் திடீரென்று திரும்பி வந்தால் என்ன கேட்பான்? "பேங்க் பாஸ்புக் எங்கே?" என்றா? "மச்சானுக்கு எவ்வளவு கொடுத்தாய்?" என்றா?

செர்பியாவில் கிஸில்யேவோ என்றொரு கிராமம். 1725-ல் அங்கே வந்த புருஷன் கேட்டது... செருப்பு! "என் செருப்பைக் கொடு" என்று கேட்டதாகப் பெண்டாட்டி ஊரில் சொன்னாள். அப்புறம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டாள். (செருப்பைக் கொடுத்தாளா, இல்லையா என்று ரிப்போர்ட்டில் இல்லை.)

ரிப்போர்ட்டா? ஆமாம் சார். இது பாட்டி கதை இல்லை. சர்க்கார் ரிக்கார்டு!

ஆசாமியின் பெயர் பெதார் ப்ளாகோயெவிச். அவனைப் புதைத்துப் பத்து வாரம் ஆகியிருந்தது. அப்போது எட்டே நாளில் ஊரில் ஒன்பது பேர் செத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நாள் படுக்கை, மறுநாள் பாடை. "பெதார் தூக்கத்தில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான்" என்று சாகும்முன் சொன்னார்களாம். கவனியுங்கள், கழுத்தை நெரித்தான். கடிக்கவில்லை!

செர்பியாவின் அந்தப் பகுதி அப்போது ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் கையில் இருந்தது. ஃப்ரோம்பால்ட் என்கிற அதிகாரியிடம் ஊரே திரண்டு போய், "கல்லறையைத் தோண்ட வேண்டும், நீங்கள் சாட்சியாக வாருங்கள்" என்றது. அதிகாரி என்ன சொல்வார்? "பெல்கிரேடுக்கு எழுதிப் போட்டு உத்தரவு வாங்கணும்" என்றார். "உத்தரவு வருவதற்குள் ஊரில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம். முடியாது என்றால் சொல்லுங்கள், ஊரையே காலி செய்துவிட்டுப் போகிறோம்" என்றார்கள் ஜனங்கள். பாவம், மனுஷர் ஒரு பாதிரியாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தோண்டினார்கள். மூக்கு மட்டும் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. மற்றபடி உடம்பு அழுகவில்லை. முடியும் தாடியும் நகமும் வளர்ந்திருந்தன. பழைய தோல் உரிந்து, உள்ளே புதுத்தோல். வாயில் ஈரமான ரத்தம்! கூட்டம் விடுமா? மரமுளையைச் சீவி நெஞ்சில் இறக்கினார்கள். காதிலும் வாயிலும் ரத்தம் பொங்கியது. எரித்துச் சாம்பலாக்கிவிட்டார்கள்.

ஃப்ரோம்பால்ட் எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். கடைசி வரி பிரமாதம். இதில் ஏதாவது தப்பு இருந்தால் அது தன் தப்பு இல்லை, பயத்தில் புத்தி பேதலித்த ஜனங்களின் தப்பு என்ற அர்த்தத்தில் முடித்தார். குமாஸ்தா மூளை எந்தத் தேசத்திலும் ஒரே மூளைதான்!

அந்த ரிப்போர்ட் 1725 ஜூலையில் வியன்னா பத்திரிகையில் அச்சாகிவிட்டது. ஏழு வருஷம் கழித்து இன்னொன்று வந்தது. செர்பியாவிலேயே மெத்வேஜா என்ற ஊரில் அர்னோல்ட் பாவ்லே என்றொருவன், முன்பு வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்திருந்தான். உயிரோடு இருந்தபோது, தன்னை ஒரு காட்டேரி படுத்துகிறது என்று புலம்பியவன் அவன். பரிகாரம் என்ன செய்தான் தெரியுமா? அந்தக் காட்டேரியின் கல்லறை மண்ணைத் தின்று, அதன் ரத்தத்தை எடுத்து உடம்பில் பூசிக்கொண்டானாம். இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அந்த ஊரில் மறுபடி சாவு விழ, ராணுவ டாக்டர்களே போய்க் கல்லறைகளைத் திறந்து பார்த்தார்கள். 1732 ஜனவரியில் கையெழுத்தான அந்த அறிக்கை ஐரோப்பா முழுக்கப் பரவி, லண்டன் பத்திரிகைகள் வரை போனது. 'வாம்பயர்' என்ற வார்த்தை ஊர் ஊராகப் புழங்க ஆரம்பித்தது அப்போதுதான். நாம் ரத்தக்காட்டேரி என்று வைத்துக்கொள்வோம்.

பிணம் ஏன் கொழுத்தது?

இவ்வளவு பேர் பொய் சொன்னார்களா? இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். வேடிக்கையே அங்கேதான்.

உயிர் போனாலும் உடம்புக்குள் வேலை நிற்பதில்லை. குடலில் இருக்கும் கிருமிகள் கடையைத் திறந்துவிடும். வாயு சேரும். வயிறு பானை மாதிரி உப்பும். ஒல்லியாகச் செத்தவன் 'நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்த' மாதிரி தெரிவான். அந்த வாயு நெஞ்சுக்கூட்டை அழுத்த, உள்ளே கட்டியிருக்கும் செந்நிறத் திரவம் வாய், மூக்கு வழியாக வெளியே வரும். பார்க்கிறவனுக்கு அது ரத்தம். தோல் சுருங்கிப் பின்வாங்குவதால், உள்ளே மறைந்திருந்த முடியும் நகமும் வெளியே நீட்டிக்கொண்டு 'வளர்ந்தது' போலத் தெரியும். மேல்தோல் கழன்று விழுந்தால் அடியில் சிவப்பாக 'புதுத்தோல்'. முளையை இறக்கினால் அடைபட்ட வாயு தொண்டை வழியாகக் கிளம்பும். பிணம் முனகும்! பாவ்லேயின் பிணம் வாய்விட்டு முனகியதாகவே அறிக்கை சொல்கிறது. மண் குளிர்ச்சியாக இருந்தால் இதெல்லாம் மெதுவாக நடக்கும். அவ்வளவுதான் சமாசாரம். பால் பார்பர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1988-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

சரி, வரிசையாக ஜனங்கள் செத்தது? அது தொற்றுநோய். முதலில் ஒருவன் போவான். அவனுக்குக் கஞ்சி ஊற்றியவள் அடுத்து. அவள் குழந்தை அடுத்து. கிருமி என்றொன்று இருப்பதே தெரியாத காலம். "செத்தவன் முதலில் தன் வீட்டுக்குத்தான் வருவான், அப்புறம் பக்கத்து வீட்டுக்கு" என்று ஊர் கண்டுபிடித்தது. யோசித்துப் பார்த்தால் நோய் பரவுகிற வழியை அவர்கள் சரியாகத்தான் குறித்திருக்கிறார்கள். தொகை சரி. எழுதின பேரேட்டுப் பக்கம்தான் தப்பு. கிருமியின் கணக்கில் எழுத வேண்டியதைப் பெதாரின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

தற்காப்பும் அதற்கேற்ற மாதிரிதான். கிழக்கு ஐரோப்பாவில் கல்லறையைச் சுற்றிக் கசகசாவையோ தினையையோ இறைப்பார்கள். காட்டேரி அதை ஒவ்வொன்றாக எண்ணி முடித்துவிட்டுத்தான் நகரவேண்டுமாம். அதற்குள் விடிந்துவிடும். (இப்பேர்ப்பட்ட கேஷியர் எந்த பேங்க்குக்கும் கிடைக்க மாட்டார்!) போலந்தில் பியென் என்ற ஊரில் 2022-ல் 17-ம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றைத் திறந்தபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. கழுத்தின் குறுக்கே அரிவாள். எழுந்தால் தலை அறுபட வேண்டும். கால் கட்டைவிரலில் ஒரு பூட்டு. யாரோ பெற்ற மகள்தானே அவளும்?

ஓநாய் வந்தது!

ரத்தக்காட்டேரி விஷயத்தில் அடிவாங்கியவை பிணங்கள். அவற்றுக்கு வலிக்காது. அதன் ஒன்றுவிட்ட தம்பியான ஓநாய் மனிதன் விஷயம் அப்படியில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் உயிரோடு இருந்தவர்கள்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பக்கம் பெட்பர்க். 1589-ல் பீட்டர் ஸ்டம்ப் என்ற விவசாயியைப் பிடித்தார்கள். சித்திரவதை மேடையைக் காட்டியதும் ஒப்புக்கொண்டான். பிசாசு தனக்கு ஒரு இடுப்பு வார் கொடுத்ததாம். அதைக் கட்டினால் ஓநாயாம். இருபத்தைந்து வருஷமாகக் குழந்தைகளைக் கொன்று தின்றானாம். அந்த வார் எங்கே? தேடினார்கள், கிடைக்கவில்லை. "பிசாசு திருப்பி எடுத்துக்கொண்டிருக்கும்" என்று ஃபைலை மூடிவிட்டார்கள்! பழுக்கக் காய்ச்சிய குறட்டால் சதையைப் பிய்த்து, எலும்பை உடைத்து, தலையை வெட்டி, எரித்தார்கள். கூடவே அவன் மகளையும் இன்னொரு பெண்ணையும்.

பிரான்சில் 1603-ல் ழான் கிரெனியே என்ற பையன், "நான்தான் ஓநாய்" என்று தானே சொல்லிக்கொண்டு திரிந்தான். வயசு பதின்மூன்று, பதினாலு இருக்கும். நல்லவேளை, போர்டோ கோர்ட்டுக்குக் கொஞ்சம் நிதானம் இருந்தது. பையனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று, எரிக்காமல் ஆயுசுக்கும் ஒரு மடத்தில் வைக்கச் சொல்லிவிட்டது.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் தீஸ் தாத்தா. இன்றைய லாட்வியாவில், 1691-ல், எண்பது வயசைத் தாண்டியவர். ஒரு சர்ச் திருட்டு கேஸில் சாட்சி சொல்ல வந்தார். "அவர் ஓநாய் மனிதராச்சே, ஊருக்கே தெரியுமே!" என்று பேச்சு வந்தது. தாத்தா மறுக்கவில்லை. "ஆமாம் ஐயா! நாங்கள் கடவுளின் வேட்டை நாய்கள். வருஷத்துக்கு மூன்று தடவை நரகத்துக்குப் போய், சூனியக்காரர்கள் திருடி வைத்திருக்கும் விளைச்சலை மீட்டு வருகிறோம். இல்லாவிட்டால் உங்களுக்கு ஏது சோறு?" என்ற ரீதியில் வெளுத்து வாங்கினார். அந்தச் சண்டையில் ஒரு சூனியக்காரன் துடைப்பக்கட்டையால் அடித்துத் தன் மூக்கை உடைத்ததையும் சொன்னார். நீதிபதிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பாதிரியார் வந்து புத்தி சொல்லியும் கிழவர் மசியவில்லை. 1692-ல் தீர்ப்பு: கசையடி, ஊரைவிட்டு விலக்கு. எண்பது வயசுக்கு மேல் கசையடி!

சினிமா சேர்த்த சரக்கு

வெளுத்த முகம், கறுப்பு அங்கி, கோட்டை, பிரபு... அதெல்லாம் எங்கே? கிராமத்தில் கிடையவே கிடையாது. அசல் காட்டேரி உப்பிச் சிவந்த விவசாயி. அவனைப் பிரபுவாக்கியவர்கள் இங்கிலீஷ் எழுத்தாளர்கள். முதலில் 1819-ல் பொலிடோரி. அப்புறம் 1897-ல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'. ஸ்டோக்கர் டிரான்சில்வேனியா பக்கம் காலடி வைத்ததே இல்லை.

அவருடைய டிராகுலா லண்டனில் பட்டப்பகலில் தாராளமாக நடமாடுகிறான். வெயில் பட்டால் காலி என்பது 1922-ல் வந்த 'நோஸ்ஃபராட்டு' என்ற ஜெர்மன் சினிமாவின் கைவரிசை. ஓநாய் மனிதனுக்குப் பௌர்ணமி, வெள்ளி ஆயுதம் என்று ஜனங்கள் மனசில் ஆணியடித்தது 1940-களின் ஹாலிவுட். ஸ்டம்ப்புக்கு இடுப்பு வார் போதும், நிலா வேண்டியதில்லை. வௌவால்? ரத்தம் குடிக்கும் வௌவால்கள் மத்திய, தென் அமெரிக்காவில்தான் உண்டு. காட்டேரியின் பெயரைத்தான் அவற்றுக்கு வைத்தார்கள்.

இதில் நம்மவரும் ஒருவர் மாட்டிக்கொண்டார். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் நம்ம வேதாளத்தை, ரிச்சர்ட் பர்ட்டன் 1870-ல் இங்கிலீஷில் எழுதும்போது 'வாம்பயர்' ஆக்கிவிட்டார். அநியாயம்! வேதாளம் என்றைக்கு ரத்தம் கேட்டது? பதில்தானே கேட்டது!

ராணியம்மா சொல்லியும்...

1755-ல் மொராவியா பக்கம் ரோசினா போலாக்கின் என்ற பெண்ணின் பிணத்தைத் தோண்டினார்கள். கொக்கி மாட்டிக் கயிற்றில் கட்டி, அவளுடைய குடும்பத்தாரையே வெளியே இழுக்க வைத்து, தலையை வெட்டி எரித்தார்கள். ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசாவுக்குச் செய்தி போனது. அவருடைய டாக்டர் வான் ஸ்வீட்டன் விசாரித்து, "சில பிணம் அழுகத் தாமதமாகும். இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. எல்லாம் அறியாமை" என்ற ரீதியில் எழுதிக் கொடுத்தார். இஷ்டத்துக்குக் கல்லறை தோண்டக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. ஐரோப்பா மெதுவாக அடங்கியது. (முழுக்க இல்லை. 2012-லேயே செர்பியாவில் ஒரு பழைய தண்ணீர் மில் இடிந்தபோது, "அதில் குடியிருந்த காட்டேரி இனி வேறு வீடு தேடும், ஜாக்கிரதை" என்று உள்ளூர்க் கவுன்சிலே எச்சரித்தது. வாசலில் பூண்டு தொங்கியது!)

கதை அங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் ஸ்டோக்கர் நாவலுக்காகச் சேர்த்த குறிப்புகளில் ஓர் அமெரிக்கப் பத்திரிகைத் துணுக்கும் இருந்தது. நியூ இங்கிலாந்து பிரதேசத்தில் நிலவிய காட்டேரி நம்பிக்கையைப் பற்றியது. அந்தப் பிரதேசத்தில், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் எக்ஸெடர் என்ற ஊரில், ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயி இருந்தார். 1880-களில் மனைவி போனாள். பின்னாலேயே மூத்த பெண். 1892 ஜனவரியில் இன்னொரு பெண் மெர்ஸி, பத்தொன்பது வயசு. மகன் எட்வினும் இருமிக்கொண்டு படுத்திருந்தான். எல்லாருக்கும் காசநோய்.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். "செத்தவர்களில் யாரோ பையனை உறிஞ்சுகிறார்கள். தோண்டிப் பார்ப்போம்." ஜார்ஜுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் படுத்துக் கிடப்பது பெற்ற மகன். ஊரே சொல்கிறது. எந்த அப்பனால் "வேண்டாம்" என்று சொல்ல முடியும்?

மார்ச் 17. தாயும் மூத்தவளும் எலும்பாகியிருந்தார்கள். மெர்ஸி மட்டும் அப்படியே இருந்தாள். இருக்கமாட்டாளா? செத்து இரண்டே மாசம், அதுவும் உறைபனிக் காலம்! நுரையீரலில் இருப்பது காசநோயின் அடையாளம் என்று கூட இருந்த டாக்டரே சொன்னார். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24-ல். பத்து வருஷம் நிறைய இன்னும் ஏழு நாள்தான் பாக்கி. கிருமியின் பெயர் உலகத்துக்குத் தெரியும். எக்ஸெடர் மட்டும் கேட்கத் தயாராக இல்லை.

இதயத்தையும் ஈரலையும் எடுத்து எரித்தார்கள். சாம்பலைக் கலக்கி எட்வினுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். குடித்தான். மே 2-ம் தேதி செத்துப்போனான்.

பாவ்லேயை ஞாபகம் இருக்கிறதல்லவா? காட்டேரியின் ரத்தத்தை எடுத்துப் பூசிக்கொண்டவன். இத்தனை கல்லறைகளைத் தோண்டியும், செத்தவர் எவரும் உயிரோடு இருப்பவர் ரத்தத்தைக் குடித்ததற்கு ஒரு சொட்டு அத்தாட்சி அகப்படவில்லை. நாள், தேதியோடு அத்தாட்சி இருப்பதெல்லாம் தலைகீழாகத்தான் இருக்கிறது. செத்துப்போன தங்கையின் இதயத்தை, பிழைக்கவேண்டும் என்ற ஆசையில், உயிரோடு இருந்த அண்ணன் குடித்தான்.