கார் கழுவும் ஸ்ப்ரே பாட்டில்... அடியில் இருக்கும் எண்ணைப் பாருங்க!

கார் கழுவும் கெமிக்கலை ஏதோ ஒரு பழைய ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றுபவரா நீங்கள்? சீக்கிரமே ட்ரிகர் இறுகும். கழுத்தில் கசிந்து கையை எரிக்கும்.

பாட்டிலின் அடியில், முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். 2 என்றால் ஹெச்.டி.பி.இ, பெரும்பாலான அமிலம், காரம் இரண்டையும் தாங்கும். 1 என்றால் பெட். கடும் காரம் அதை அரித்துவிடும். ட்ரிகரும் கெமிக்கலைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ட்ரிகரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் வைத்து 10 முறை அழுத்துங்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரே கெமிக்கல்தான். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

கூல்டிரிங்ஸ் பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. பெயர் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.