பூனைக்கு எட்டாவது வீடு

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். ஏழு வீட்டையும் தானே பார்த்துக்கொள்ளும் பூனையை, எட்டாவதாக ஒரு வீட்டுக்கு நாம் கொண்டுபோய்க் குடியேற்ற முடியுமா? முடியும். ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

"செராமிக் படிக்கிறவனுக்குப் பூனையோட என்னடா வேலை?" என்று கேட்காதீர்கள் நண்பர்களே! நம்ம ஊர்ப் பீங்கான் பட்டறை எதிலாவது நுழைந்து பாருங்கள். பேக்கிங் செய்ய வைக்கோல் குவித்திருப்பார்கள். வைக்கோல் இருந்தால் எலி வரும். எலி இருந்தால் பூனை வரும். மார்கழிக் குளிரில் சூளைச் சுவரின் கதகதப்பு வேறு. பூனைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் இன்பிளான்ட் டிரெயினிங் போன ஒரு பட்டறையில் பழைய ஷெட்டை இடிக்க முடிவு செய்தார்கள். உள்ளே ஐந்து பூனைகள்: மூன்று பெட்டை, இரண்டு கடுவன். "சாக்குல கட்டி மணிமுத்தாத்துக்கு அந்தாண்ட விட்டுடுங்கப்பா" என்றார் மேஸ்திரி. நாங்கள் மூன்று பேர் ஒரு மாதம் தவணை கேட்டோம். கிடைத்தது. அந்த மாதத்தில் படித்ததும் பார்த்ததும்தான் கீழே வருகிறது.

சாக்கில் கட்டி விட்டால் என்ன ஆகும்?

நாய் ஆளோடு பழகும், பூனை இடத்தோடு பழகும் என்பது வெறும் பேச்சு இல்லை. எந்த மூலையில் எலி, எந்தச் சந்தில் நாய், எங்கே தண்ணீர் என்று ஒரு வரைபடமே பூனையின் தலைக்குள் இருக்கிறது. முன்பின் தெரியாத இடத்தில் கொட்டிவிட்டால் அந்த வரைபடம் செல்லாக்காசு. பயத்தில் ஓடும். பழைய இடத்தைத் தேடி ரோட்டைத் தாண்டும். பல பூனைகள் வண்டியில் அடிபட்டோ, நாயிடம் மாட்டியோ, பட்டினியிலோ முடிந்துபோகும். சில கிலோமீட்டர் நடந்து பழைய இடத்துக்கே திரும்பிவிட்ட பூனைகளும் உண்டு. ஆனால் அங்கே ஷெட் இருக்காதே!

சட்டமும் இதில் பேசுகிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். சாக்கு மூட்டைக்கு இது நன்றாகவே பொருந்தும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எலியும் எச்சில் சோறும் இருக்கிற இடத்தில் ஒரு பூனையை அகற்றினால், கொஞ்ச நாளில் வேறொன்று வந்து உட்காரும். எனவே ஹாஸ்டல் மெஸ் பின்னால் திரிகிற பூனைகளைத் துரத்துவதில் பயனில்லை. அவற்றுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து அங்கேயே விடுவதுதான் நல்லது. சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் வழியை 1964-லேயே கையில் எடுத்தது. பூனைக்கும் அதே நியாயம்தான். கட்டடமே போகிறது என்றால் மட்டும் இடமாற்றம்.

பட்டறைப் பூனையை வீட்டுக்குள் வளர்க்கலாமே என்பார்கள். பிறந்து சுமார் இரண்டு மாதத்துக்குள் மனிதன் கை படாமல் வளர்ந்த பூனை மடியில் வந்து உட்காராது. அதற்குத் தேவை திறந்த வெளி, ஒதுங்க ஒரு கூரை, தினமும் சோறு வைக்க ஓர் ஆள்.

எங்கே விடுவது?

காட்டில் விடுவது புண்ணியம் இல்லை! தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவுக்கு 1949-ல் எலி பிடிக்க ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1977-ல் அவை சுமார் 3,400 ஆகிவிட்டன. கடற்பறவைகளை லட்சக்கணக்கில் தின்று தீர்த்தன. கடைசியில் 1991 வரை பாடுபட்டுப் பூனைகளை ஒழிக்க வேண்டியதாயிற்று. கலிபோர்னியா அருகே சான் நிக்கோலஸ் தீவில் வேறு வழி செய்தார்கள். அங்கே 2009, 2010-ல் பிடித்த பூனைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கொல்லாமல், ரமோனா என்ற ஊரில் வேலி போட்ட திறந்தவெளிக் காப்பகத்தில் குடியேற்றினார்கள். பறவையும் பிழைத்தது, பூனையும் பிழைத்தது.

எங்களுக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே ஒரு முந்திரித் தோப்பு. மோட்டார் கொட்டகையில் மல்லாட்டை மூட்டை அடுக்கியிருந்த பெரியவர், "எலித் தொல்லை தாங்கல தம்பி, கொண்டாந்து விடுங்க" என்றார். பெரிய ரோடு பக்கத்தில் இல்லை. அவரும் அங்கேயே படுக்கிறவர். இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் சம்மதித்தோம்.

பிடிப்பது

கையால் பிடிக்கவே கூடாது. கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி போட ஓட வேண்டும். பெரிய கூண்டுப் பொறியில் வறுத்த கருவாடு வைத்தால் போதும். முதல் நாள் சாப்பாடு வைக்காமல் இருந்தால் வேலை சுலபம். கதவு விழுந்ததும் கூண்டைத் துணியால் மூடிவிடுங்கள். இருட்டானால் பூனை அடங்கும்.

அங்கிருந்து நேரே கால்நடை மருத்துவரிடம். கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி இரண்டும் முடிய வேண்டும். பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். நான்கைந்து மாதக் குட்டியே சினைப்பட்டுவிடும். ஆபரேஷன் இல்லாமல் தோப்பில் விட்டால் பெரியவர் அடுத்த வருடம் நம்மைத் தேடி வருவார். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவது பல நாடுகளில் வழக்கம்.

மூன்று வாரக் காவல்

இதுதான் உயிர்நாடி. 573 டிகிரியில் குவார்ட்ஸ் உருமாறும் என்று படித்திருக்கிறோம். அவசரப்பட்டுச் சூளைக் கதவைத் திறந்தால் பண்டம் விரிசல் விடும். பூனை விஷயமும் அப்படித்தான். புது இடத்தில் குறைந்தது மூன்று வாரம் அடைத்து வைத்தே ஆக வேண்டும்.

கொட்டகையின் ஒரு மூலையைக் கம்பி வலையால் அடைத்தோம். மேலேயும் வலை. உள்ளே ஒளிந்துகொள்ள மரப்பெட்டிகள், அவற்றில் பழைய ஷெட் வைக்கோல். பழகின வாசனைதான் முதல் ஆறுதல். ஐந்தையும் ஒன்றாகவே வைத்தோம். கூட்டாளி இருந்தால் பயம் குறையும்.

கழிக்க ஒரு தட்டில் மணல். இங்கே நம்ம பாடம் வருகிறது! அமெரிக்காவில் 1947-ல் எட்வர்ட் லோவ் என்பவர், மணலுக்குப் பதில் முல்தானி மட்டியைப் போன்ற உறிஞ்சும் களிமண்ணைப் பூனைத் தட்டுக்கு விற்று ஒரு தொழிலையே உண்டாக்கினார். இன்று கடையில் விற்கும் பூனை மணலில் பெரும்பகுதி நாம் லேபில் பார்க்கும் பென்டோனைட்தான்.

முதல் மூன்று நாள் அவை சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரியெல்லாம் கத்தல். வலையில் மோதல். "பாவம், தொறந்து விட்டுடலாமா?" என்று பெரியவரே கேட்டார். அந்த நேரத்தில் திறந்தால் எல்லாம் வீண். நான்காம் நாள் தட்டு காலியானது. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு அவரே தட்டைத் தட்டிச் சோறு வைத்தார். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுக்கு ஆகாது. சோறும் மீனும், பக்கத்தில் எப்போதும் தண்ணீரும் போதும். மூன்றாவது வாரம் தட்டுச் சத்தம் கேட்டதும் ஐந்தும் முன்னால் வந்து நின்றன. திறக்கலாம் என்பதற்கு அதுதான் அறிகுறி.

மழை இல்லாத ஒரு நாளில், சோற்று நேரத்துக்குச் சற்று முன் கதவைத் திறந்தோம். பசி இருப்பதால் தொலைவு போகாது. தீபாவளி சமயத்தில் திறக்காதீர்கள், ஒரு வெடிச் சத்தம் போதும். கூண்டையும் பெட்டிகளையும் உடனே அகற்றாமல் இன்னும் இரண்டு வாரம் அப்படியே விட வேண்டும்.

ஐந்தில் நான்கு இன்றும் தோப்பில் இருக்கின்றன. ஒரு கடுவன் ஆறாம் நாள் போனது, திரும்பவில்லை. முறைப்படி செய்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் இடமாற்றம் கடைசி வழி என்கிறேன். ஆனாலும் சாக்கு மூட்டையில் போயிருந்தால் ஐந்தில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாளை நாமெல்லாம் சூப்பர்வைசர்களாக, பட்டறை முதலாளிகளாகப் போகப்போகிறோம். ஷெட் இடிக்கும் உத்தரவு நம் கையெழுத்தில் போகும். அன்றைக்கு யாராவது சாக்கை எடுத்தால், ஒரு மாதம் தவணை கொடுங்கள் நண்பர்களே! செலவு ஒரு கம்பி வலையும் கொஞ்சம் கருவாடும்தான்.