ஏவுகணைக் கூடத்திலிருந்து ஏழையின் காலுக்கு!

செகந்திராபாத்தின் வடக்கே உள்ள சைனிக்புரி, பெயரே சொல்வது போல, படைவீரர்களின் ஊர். ராணுவத்தில் பணி முடித்தவர்கள் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்வதற்காக உருவான குடியிருப்பு அது. பக்கத்திலேயே 1967-ல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். தொழிற்சாலை, சற்றுத் தள்ளி அணு எரிபொருள் தொழிற்கூடம். வேலை தேடி ஐதராபாத் வந்த நம்மவர்களில் பலர் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வேரூன்றிவிட்டனர்.

இங்கிருந்து தார்நாகா, ஹப்சிகுடா பக்கம் போகிறவர்கள் வழியில் பெரிய பெரிய மதில்களைப் பார்த்திருப்பார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் என்று வரிசையாகப் பலகைகள். நகரின் தெற்கே காஞ்சன்பாக்கில் ஏவுகணை ஆராய்ச்சிக் கூடங்கள். "உள்ளே என்னதான் செய்கிறார்களோ, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் கடந்து போகிறோம்.

சம்பந்தம் உண்டு. அந்த மதில்களுக்குள் இருப்பவர்களும் ஆஸ்பத்திரி டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசியபோதெல்லாம், நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கும் கூலித் தொழிலாளிகளுக்கும் எட்டாத சிகிச்சை எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது.

குன்னூரிலிருந்து குடிபெயர்ந்த நிறுவனம்

முதலில் ஒரு செய்தி. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்ததுதான்! 1918-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் 'பெரிபெரி' நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இதன் இயக்குநராக இருந்து இதற்கு உலகப் பெயர் வாங்கித் தந்தார். குழந்தைகளின் பார்வையைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் 'ஏ' மருந்து கொடுக்கும் முறைக்கு இந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிகளே அடிப்படை. அங்கன்வாடியில் குழந்தையின் வாயில் ஊற்றும் அந்த ஒரு கரண்டி மருந்துக்குப் பின்னால் தார்நாகா இருக்கிறது.

மூன்று கிலோ, முந்நூறு கிராம்

ராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் 1982-ல் ஐதராபாத் ஏவுகணை ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக வந்தார். 1989 மே மாதம் 'அக்னி' முதல் முறையாக விண்ணில் பாய்ந்தது. மேலே போய்த் திரும்பி வரும் ஏவுகணையின் முனை கடுமையான வெப்பத்தைத் தாங்க வேண்டும். எடையும் குறைவாக இருக்க வேண்டும். இதற்காக எஃகைவிட மிக லேசான கலப்புப் பொருள்களை அந்தக் கூடத்தில் உருவாக்கினார்கள்.

பஞ்சகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு டாக்டர் ஒருவர் ஒருநாள் அந்தக் கூடத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்த கலப்புப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர் திகைத்துப் போனார். கலாமைத் தம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே போலியோவால் கால் சூம்பிய சிறுவர் சிறுமியர், மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிபரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தனர். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு மூன்று கிலோ இரும்பு என்றால், நாம் அரிசி மூட்டையைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது போல.

மூன்றே வாரங்களில் சுமார் 300 கிராம் எடையில் புதிய காலிபர் தயாராயிற்று. அதை மாட்டிக்கொண்ட குழந்தைகள் ஓடியதையும், பெற்றோர் கண்ணீர் விட்டதையும் தம் வாழ்வின் பெரிய ஆனந்தங்களில் ஒன்றாகக் கலாம் பல மேடைகளில் சொன்னார். ஏவுகணை பறந்ததையும் இதையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் அவர் பேசினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொருள் ஏற்கெனவே இருந்தது. தேவையும் ஏற்கெனவே இருந்தது. இரண்டும் ஒரே ஊரில்தான் இருந்தன. இந்தக் கதவைத் திறந்து அந்தக் கதவைத் தட்ட ஓர் ஆள் தேவைப்பட்டார். அவ்வளவுதான்.

இதயத்துக்கு ஒரு வலைக்குழாய்

அடுத்தது இதயம். ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு வருகிறது. மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பு உள்ள இடத்தில் சிறு பலூனை ஊதி, வழியை விரிக்கிறார்கள். மறுபடியும் அந்த இடம் சுருங்காமல் இருக்க, பேனா ஸ்பிரிங் போன்ற ஓர் உலோக வலைக்குழாயை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இதுவே ஸ்டென்ட். 1986-ல் பிரான்சு நாட்டில்தான் முதன்முதலில் மனித இதயத்தில் இதைப் பொருத்தினார்கள்.

பார்க்கச் சிறியது, செய்வது எளிதல்ல. ரத்தத்திலே கிடந்தாலும் துருப்பிடிக்கக் கூடாது. விரிந்த பின் சுருங்கக் கூடாது. நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் இதயத்தில் வருடக்கணக்காக உடையாமல் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்டென்டின் விலையைக் கேட்டால், கேட்டவருக்கே மாரடைப்பு வரும் நிலை.

1990களில் ஐதராபாத்தின் இதய டாக்டர் சோமராஜுவும் கலாமும் கைகோத்தனர். இதயம் என்ன கேட்கிறது என்று டாக்டருக்குத் தெரியும்; எந்த உலோகம் எப்படி வளையும் என்று பாதுகாப்புத் துறை விஞ்ஞானிகளுக்குத் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்து 'கலாம் - ராஜு ஸ்டென்ட்' பிறந்தது. இறக்குமதிச் சரக்கைவிட மிகக் குறைந்த விலையில் ஒன்றை இங்கேயே செய்ய முடியும் என்று அது காட்டிற்று. இதே இருவரும் 2012-ல் கிராமப்புறச் சுகாதார ஊழியர்களுக்கென ஒரு கையடக்கக் கணினியையும் வடிவமைத்தனர்.

ஆனால் கதை அத்தோடு சுபமாக முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. நம் நாட்டுக் கம்பெனிகளே தயாரித்த பிறகும் நோயாளியின் பில்லில் ஒரு லட்சத்துக்கு மேல் விலை ஏறி நின்றது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்த பிறகே விலை இறங்கியது. கண்டுபிடிப்பு பாதி வேலை, கட்டுப்பாடு மறுபாதி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஏழைக்குப் பயனில்லை.

வேலூரும் ஐதராபாத்தும்

மூன்றாவது கதை, நம் ஊரையும் இந்த ஊரையும் இணைக்கிறது. கைக்குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் 'ரோட்டா' வைரஸ் என்று 1973-ல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்தார்கள். 1980களின் நடுவில் டெல்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.கே. பான் ஒரு விந்தையைக் கவனித்தார். அங்கே பிறந்த சில சிசுக்களிடம் இந்த வைரஸ் இருந்தது. ஆனால் நோய் இல்லை. அந்தச் சாதுவான வைரஸே தடுப்பு மருந்துக்கு வித்தாயிற்று.

வித்து இருந்தால் போதுமா? மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் துணை நின்றன. தயாரிக்கும் பொறுப்பை ஐதராபாத்தின் பாரத் பயோடெக் ஏற்றது. அதை நிறுவிய கிருஷ்ணா எல்லா, திருத்தணிப் பகுதியில் பிறந்தவர். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் பெரிய சோதனை நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ககன்தீப் காங் இந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56 சதவீதம் இந்த மருந்து தடுக்கிறது என்று 2013-ல் முடிவு வெளியாயிற்று. 2015 மார்ச்சில் 'ரோட்டாவாக்' வெளிவந்தது. 2016-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2019-ல் நாடு முழுவதும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து சேர்ந்தது.

சிசுவிடம் வைரஸைக் கண்ட நாளிலிருந்து மருந்து வெளிவந்த நாள் வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! ஊர் கூடித் தேர் இழுத்தாலும், தேர் நிலைக்கு வர நேரம் பிடிக்கத்தான் செய்யும். நடுவில் வடத்தை விட்டுவிடாமல் பிடித்திருந்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வளவு பேர் பாடுபட்டு நம் வாசலுக்குக் கொண்டுவந்ததை நாம் வாங்கிக்கொள்ளாமல் விட்டால் யாருக்கு நஷ்டம்?

ரோட்டா மருந்தைக் குழந்தையின் 6, 10, 14-ஆவது வாரங்களில் வாய் வழியாகக் கொடுக்கிறார்கள். அரசு மையங்களில் இது இலவசம். நம் வீடுகளில் பெண்ணைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புவது வழக்கம். ஐந்தாம் மாதம் குழந்தையோடு ஐதராபாத் திரும்புவார்கள். முதல் தவணை திருச்சியில், மற்றவை எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது! தடுப்பூசி அட்டையை ரயில் டிக்கெட்டைப் போலப் பத்திரமாகக் கொண்டு வாருங்கள். எந்த மாநிலத்தில் போட்ட தவணையானாலும், மீதியை இங்கே உள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம். மருந்து கொடுத்தாயிற்று என்று அசட்டையாகவும் இருக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு கண்டால் உடனே உப்பு - சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும்.

வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால், பில்லில் அதன் பெயரும் விலையும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படித் தனியாகக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. விலை வரம்பு அவ்வப்போது மாறும். அன்றைய வரம்பு என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.

படிக்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டாக்டருக்குப் படித்தால்தான் உயிரைக் காக்கலாம் என்பதில்லை. உலோகம் படித்தவரும் இரசாயனம் படித்தவரும் மின்னணு படித்தவரும் சேர்ந்துதான் அந்தக் குழந்தைகளை நடக்க வைத்தார்கள். தார்நாகா மதில்களுக்குள் நாளை நம் பிள்ளையும் வேலை செய்யலாம். அதற்கு இன்று அதன் வாசலைக் காட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிக் கொடுத்தால் போதும்.